ஆறாவது தட்டு

"ஆறாவது தட்டை நிறுத்திடுங்க சார்."

கேட்டே விட்டாள் துர்கா. எதைக் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லி வைத்தார்களோ, அதை.

சொன்னவர் சூளை மேஸ்திரி பிலோமின்ராஜ். அன்றைக்கு அவளுக்கு டீயும் வாங்கிக் கொடுத்து, இங்கே எதை வேண்டுமானாலும் கேளும்மா, லீவு கேள், ஃபேன் கேள், பொம்பளைங்க கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் கேள், ஆனால் எடுத்த ஆர்டரை நிறுத்து என்று மட்டும் முதலாளியிடம் வாயைத் திறந்துவிடாதே என்றார். ஏன் என்று கேட்டதற்கு, பற்ற வைத்த சூளையைப் பாதியில் அணைத்துப் பார்த்திருக்கிறாயா, உள்ளே இருப்பது மொத்தமும் வெடித்துப் போகும், இதுவும் அப்படித்தான் என்றார். வீட்டில் அம்மா நீலாவதி அதையே சுருக்கமாகச் சொன்னாள். "படிச்ச திமிரை பஸ்ஸுலயே வச்சிட்டு எறங்கு."

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலத்துக்கு பஸ்ஸில் வந்து, விலங்கியல் படித்து, அந்தக் குடும்பத்திலேயே முதல் டிகிரி வாங்கியவள் அவள். திமிரை பஸ்ஸில் வைத்துவிட்டு இறங்க அவளும் முயற்சி செய்துதான் பார்த்தாள். அது அவளுக்கு முன்னால் இறங்கி நின்றது.

முதலாளி ராஜாங்கம் செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். நல்ல மனிதர் என்று பெயர். தீபாவளிக்குப் புடவை, யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் தானே காரில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விடுவார்.

"எந்த ஆறாவது?" என்றார், தெரியாதவர் மாதிரி.

"காசியம்மாக்கா மூஞ்சி போட்டது."

உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், பீங்கான் தொழிற்பேட்டையில் இருக்கும் பல கம்பெனிகளில் ராஜாங்கத்தின் கம்பெனியும் ஒன்று. முன்பெல்லாம் அங்கே ஃபியூஸ் கட்டைதான் செய்தார்கள். பிளாஸ்டிக்கில் வந்த பிறகு ஃபியூஸ் கட்டையை யாரும் சீந்தவில்லை. ராஜாங்கம் தட்டுக்கு மாறினார். கையால் படம் வரைந்த தட்டு என்றால் வெளிநாட்டில் எடுக்கிறார்கள் என்று சென்னை ஏஜெண்ட் ஒருத்தர் சொல்லப்போக, படம் வரையத் தெரிந்த ஆளைத் தேடினார். காலேஜ் ரெக்கார்டு நோட்டில் தவளையின் நரம்பு மண்டலத்தைத் துர்கா வரைந்திருந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு அன்றே வேலை கொடுத்தார். அது இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷக் கடைசி. மயில் வரைந்தாள், தாமரை வரைந்தாள், தூரத்தில் கோபுரம் தெரிகிற வயல் வரைந்தாள். பிறகு லண்டனில் ஒரு பரிசுப்பொருள் கடையிலிருந்து குரங்கு ஆர்டர் வந்தது.

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின புத்தகம் ஒன்றில் வந்த படங்களாம். இந்தியாவுக்கு வந்து போன ஏதோ ஒரு துரை எழுதிய புத்தகம். படங்களைத் தட்டில் அப்படியே வரைந்து தர வேண்டும், கீழே ரோமன் எண்ணும் வர வேண்டும். ராஜாங்கம் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, கத்தரித்து, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் படத்தைப் பார்த்ததுமே துர்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிங்கவால் குரங்கு. மலைக்காட்டில், ஆள் தலை தெரியாத உயரத்து மரத்தில் இருக்கிற பிராணி. படத்தில் அது ஈச்ச மரத்தடி மணலில் இரண்டு காலில் நின்று, கையில் ஒரு குச்சியும் ஊன்றிக்கொண்டிருந்தது. அடுத்தது கருமந்தி, அதன் கையிலும் குச்சி. வெள்ளை மந்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையைத் தரைவரை தொங்கவிட்டுக்கொண்டு, காணிக்கை குறைந்துபோன பாதிரியார் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்திருந்தது. தொழிற்பேட்டை ஓட்டின் மேலேயே குடும்பத்தோடு திரிகிற நாட்டுக் குரங்குக்குப் பல்லைக் கத்தி மாதிரி நீட்டியிருந்தான் வரைந்தவன். தேவாங்கு கொடுமையிலும் கொடுமை. பகலெல்லாம் கிளையைக் கட்டிக்கொண்டு சுருண்டு தூங்குகிற ஜீவன், அது உச்சி வெயிலில் கடை திறந்து வைத்த செட்டியார் போல நிமிர்ந்து நின்றது.

இதன் காரணம் அவளுக்குத் தெரியும். காலேஜ் லைப்ரரியில் ஒரு தடிப் புத்தகத்தில் படித்திருக்கிறாள். வரைந்தவன் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டான். துரை சுடுவான், தோலை உரித்து உப்புத் தடவிக் கப்பலில் அனுப்புவான், அங்கே அதற்குள் வைக்கோலை அடைத்து நிறுத்துவார்கள், அதைப் பார்த்து இவன் வரைவான். நம்மூரில் செத்த கன்றுக்குத்தான் வைக்கோல் அடைப்பார்கள், மாட்டை ஏமாற்றிப் பால் கறக்க. இவர்கள் ஊரையே ஏமாற்றியிருக்கிறார்கள். குச்சியை எடுத்துவிடட்டுமா, தேவாங்கின் விரலைச் சரி பண்ணிவிடட்டுமா என்று அப்போதே கேட்டாள். இருக்கிறதை வரைம்மா, அவன் பாட்டனார் காலத்துப் படம், அவனுக்கு அது பிடிச்சிருக்குது என்றார் ராஜாங்கம். வரைந்தாள். மாடு ஏமாந்தால் அவளுக்கென்ன.

வேலை நடக்கிற விதம் இதுதான். அவள் படத்தை பட்டர் பேப்பரில் வரைவாள். கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்க நெருக்கக் குத்துவாள். அந்தத் தாளைத் தட்டின் மேல் வைத்து, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் ஒற்றினால் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கும். புள்ளியைப் பிடித்துப் பெண்கள் கோடு இழுத்து வண்ணம் போடுவார்கள். கோலம் போட்டுப் பழகிய கைகளுக்கு அது ஒரு வேலையே இல்லை. பிறகு கிளேஸில், பளபளப்புக்கான பூச்சுக் கரைசலில், முக்கி எடுத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டியதுதான். குத்திய தாள் ஒன்று இருந்தால் ஆயிரம் தட்டு போடலாம். தாள் இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது.

ஐந்து குரங்கும் முடிந்த பிறகு ராஜாங்கம் இன்னொரு துண்டைக் கொண்டுவந்தார். அதில் ஒரு பெண். இலையைக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் இருந்த இடத்தில் பழைய காகிதத்தில் தண்ணீர் பட்ட கறை. கீழே எண் இல்லை. இது தனிப் படம், அந்தக் காலத்து மலைக்காரப் பொம்பளை, மூஞ்சி தெரியலை, நம்ம காசியம்மாவைப் பார்த்து ஒரு மூஞ்சி போட்டுடு என்றார். கை மட்டும் ஏன் இப்படி நீளமாகத் தரையைத் தொடுகிறது என்று துர்காவுக்கு அப்போது விளங்கவில்லை. வரையத் தெரியாத பயல் என்று நினைத்துக் கையைச் சரியான அளவுக்குக் குறைத்தாள். இலையை எடுத்துவிட்டுப் புடவை கட்டினாள். அதற்கு ராஜாங்கம் ஒன்றும் சொல்லவில்லை.

காசியம்மாளுக்குக் கிளேஸ் தொட்டியில் வேலை. கல்யாணமாகி சேத்தியாத்தோப்பிலிருந்து இங்கே வந்தவள். அன்று மகளின் ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிரிக்கலாமா கூடாதா என்று கேட்டாள். பக்கத்தில் வண்ணம் போடுகிற பெண்கள், இனி காசியக்காவுக்கு லண்டனிலிருந்து மாப்பிள்ளை வருவான், பழைய மாப்பிள்ளையை என்ன செய்வது என்று கேலி செய்ததற்கு, அந்தாளையும் ஒரு தட்டுல போட்டு அனுப்பிடுங்கடி என்றாள். கன்னத்து மருவைத் துர்கா விட்டுவிடப் போனபோது கையைப் பிடித்தாள். "மருவு இருக்கட்டும் கண்ணு. அது இருந்தாதான் நான்னு தெரியும்."

சேத்தியாத்தோப்பில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சேதி போய்விட்டது. காசியம்மாள் முகம் கப்பல் ஏறப் போகிறது.

அப்புறம் நடந்தது நாமம். புது டிசைன் எது வந்தாலும் முதல் தட்டுக்குப் பொட்டு வைத்து, சூளை வாசலில் கற்பூரம் காட்டித்தான் உள்ளே விடுவது அங்கே வழக்கம். காட்டுகிறவர் பிலோமின்ராஜ். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை, திங்கட்கிழமை சூளையில் கற்பூரமா என்று கிண்டல் செய்தால், நெருப்புக்கு மதம் தெரியுமா என்பார். அந்த முதல் தட்டை விற்பதில்லை. குரங்குத் தட்டு வந்தபோது காசியம்மாள் அதைப் பார்த்துப் பதறிப்போனாள். அனுமாரை நாமம் இல்லாமலா நெருப்புக்குள் அனுப்புவது? குங்குமம் என்றால் சூளையில் போய்விடும் என்று, சூடு தாங்குகிற சிவப்பு வண்ணத்தையே தொட்டு ஐந்து குரங்கின் நெற்றியிலும் ஒவ்வொரு கோடு இழுத்தாள். சுட்டு வந்தபோது நாமம் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. அந்த ஐந்தையும் தனியாக எடுத்து வைக்காமல், பிலோமின்ராஜ் ஞாபகமறதியாகச் சாம்பிள் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டார். பெண் தட்டும் அதே பெட்டியில்தான் போனது.

நாமத்தைப் பார்த்து ஆர்டரே போய்விடுமோ என்று ராஜாங்கம் பயந்துபோய் இருந்தார். ஆனால் லண்டன்காரன் பூரித்துப் போயிருந்தான். அந்தச் சிவப்புக் குறி பிரமாதம், ரொம்ப இந்தியத்தனமாக இருக்கிறது, ஆறு தட்டிலும் அதையே போட்டுவிடுங்கள், செட்டாக இருக்கும் என்று பதில் வந்தது. இன்று காலை ராஜாங்கம் அதைச் சந்தோஷமாக எல்லார் முன்னாலும் சொன்னார்.

"ஆறா? கொரங்கு அஞ்சுதானே சார்" என்றாள் துர்கா.

அவர் திரும்பி அறைக்குப் போனார். அவள் பின்னாலேயே போய், கத்தரிக்காத முழுப் படத்தைக் காட்டச் சொன்னாள். அவர் முதலில் மறுத்து, பிறகு போனால் போகிறது என்று டிராயரிலிருந்து எடுத்துப் போட்டார். ஒரே தாள், ஆறு கட்டம், கீழே ஆறு எண். ஐந்து கட்டத்தில் குரங்கு. ஆறாவதில் அந்தப் பெண். வெள்ளை மந்தி எப்படிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டிருந்ததோ, அதே உட்கார்ந்த கோலம், அதே நீளக் கை. வரையத் தெரியாமல் வரைந்ததில்லை அந்தக் கை. தெரிந்தே வரைந்தது. அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம். ஆறாவதற்குப் போட்டிருந்தது, இந்நாட்டுக் காட்டுப் பெண், குரங்கினங்களுக்கு அடுத்தபடியில் வைத்துப் பார்க்கத் தக்கவள் என்று.

அதைப் படித்து முடித்துத்தான் அவள் நிறுத்தச் சொன்னாள்.

"ஒக்காரும்மா மொதல்ல" என்றார் ராஜாங்கம் மறுபடியும். "நீ படிச்சதே இதைத்தானே? மனுசனே கொரங்குலேர்ந்து வந்தவன்னு ஒங்க புஸ்தகத்துலதான் இருக்குது. நான் சொல்லல. அப்புறம் என்னா கோவம்?"

"இருக்குது சார். நானும் அத எழுதித்தான் பாஸ் பண்ணேன். மனுசனும் குரங்கும் ஒரே வரிசைதான். ஆனா எல்லா மனுசனும் சார். நீங்க, நானு, இத வரைஞ்சவன், வரையச் சொன்ன தொரை, தொரையோட பொண்டாட்டி. அப்ப அந்தம்மாவ ஆறாவதா போடலாமே. தொப்பி, கொடை எல்லாத்தோடயும் நானே வரைஞ்சு தரேன், இன்னைக்கே. கேட்டுப் பாருங்க லண்டன்ல, வாங்குவாங்களான்னு."

ராஜாங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவருகில் வந்து நின்ற பிலோமின்ராஜுக்கும் வந்தது, அவர் இருமி மறைத்துக்கொண்டார். துர்கா சிரிக்கவில்லை.

இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள், அந்தப் பொடி எழுத்து தட்டில் வரப்போவதில்லை என்றார் ராஜாங்கம். எண் வருகிறதே என்றாள் அவள். அஞ்சு குரங்கு, ஆறாவது காசியம்மாக்கா, அதற்குமேல் விளக்கம் எழுதினால்தான் புரியுமா? அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆர்டர் பெரியது, இது போனால் அடுத்தது இதே கடையில் நாலு மடங்கு, இந்தப் பெண்கள் எல்லாருக்கும் வருஷம் முழுக்க வேலை, நீ ஒருத்தி கோபப்படுவதற்காக அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி என்பது துர்காவுக்கும் உறைத்தது. அதனாலேயே கோபம் கூடியது. நியாயமான கேள்வியை எப்போதும் இந்தப் பக்கம் பார்த்துத்தான் கேட்கிறார்கள். லண்டன் பக்கம் பார்த்து ஒரு வரி கேட்க மாட்டார்கள்.

"அஞ்சு தட்டா அனுப்புங்க சார். அஞ்சு வேணாம்னா சொல்லப் போறான்? ஒரு தடவ கேளுங்க."

"கேக்க முடியாதும்மா. செட்டுன்னா ஆறுதான்." பெருமூச்சு விட்டார். "சரி. காசியம்மா மூஞ்சி வேணாம். அதானே ஒனக்கு? வேற மூஞ்சியா மாத்திடு."

"யாரோட மூஞ்சி?"

"யாரோடதாவது. கற்பனையா போடு."

துர்கா அவர் தலைக்கு மேலே பார்த்தாள். மாலை போட்ட படத்தில் அவருடைய அம்மா ராஜம்மாள், பெரிய மூக்குத்தியோடு.

"ஒங்கம்மா மூக்கு தட்டுல நல்லா எடுப்பா வரும் சார்" என்றாள்.

கதவருகில் இருமல் நின்றது. ராஜாங்கம் எழுந்துவிட்டார். முகம் கறுத்துப் போயிருந்தது. அடிக்கிற ஆள் இல்லை, கத்துகிற ஆளும் இல்லை. மெதுவாகத்தான் பேசினார். "நல்லா இருக்குது நீ பேசறது. படிச்ச பொண்ணுன்னு எடம் குடுத்தேன்." பிலோமின்ராஜைப் பார்த்து, காசியம்மாளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். "அந்தம்மா மூஞ்சி. அந்தம்மாவையே கேப்போம். ஒனக்கு என்னா வந்துச்சு நடுவுல?"

காசியம்மாள் வந்தாள். முழங்கை வரை கிளேஸ் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. எதையும் தொட்டுவிடக் கூடாது என்று கைகளை முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"காசிம்மா, ஒன் படம் லண்டன் போவுதில்ல, அத நிறுத்தச் சொல்லுது இந்தப் பொண்ணு" என்றார் ராஜாங்கம்.

அவள் துர்காவைத்தான் பார்த்தாள். "ஏங்கண்ணு? நல்லாதான வரைஞ்ச?"

துர்கா முழுத் தாளை அவள் முன்னால் நீட்டினாள். காசியம்மாள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது அனுமாரு. இதுவும் அனுமாரு. எல்லாம் அனுமாருதான். அனுமாரு பக்கத்துல ஒக்கார எனக்குக் குடுத்து வச்சிருக்கணும்." பல் தெரியச் சிரித்தாள்.

பார்த்தாயா என்பது போல ராஜாங்கம் கையை விரித்தார்.

இதோடு விட்டுவிடலாம். அந்தச் சிரிப்பு அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். சேத்தியாத்தோப்பில் நாலு வீட்டில் பேச்சு, அவ்வளவுதான், யாருக்குத் தெரியப் போகிறது? துர்காவுக்குத் தெரியும். தனக்கு மட்டும் தெரிந்து, அவளுக்குத் தெரியாமல், அவள் முகத்தை விற்பதா? அப்படிச் செய்தால் தலைக்கு மேலே ஒருத்தர் உட்கார்ந்துகொண்டு இது ஒனக்குப் புரியாது என்று முடிவு செய்கிற வேலையைத்தான் தானும் செய்கிறோம் என்று அவளுக்குப் பட்டது.

"அக்கா, இத வரைஞ்சவனுக்கு அனுமாரு தெரியாது. அவனுக்கு இது வெறும் மிருகம். சுட்டு, தோல உரிச்சு, வைக்கோல் வச்சுப் பாத்தவன். கொரங்க எல்லாம் வரிசையா வச்சிட்டு, கடைசிக் கொரங்குக்கு அடுத்ததா ஒன்ன வச்சிருக்கான். கீழ எழுதியும் வச்சிருக்கான். இதுக்கும் மேல மனுசன்னு ஒருத்தன் இருக்கானாம். அது அவன். அவன் படம் இதுல இல்ல."

காசியம்மாள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்திலேயே கிடந்து, பிறகுதான் இறங்கியது. தாளை மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை குரங்குகளைப் பார்க்கவில்லை.

"அந்த நாமம்?" என்று கேட்டாள்.

"ஆறுக்கும் வேணுமாம். ஒனக்கும் சேத்து. ஒரே மாதிரி இருக்கணுமாம்."

"அது நான் சாமின்னு வச்சது" என்றாள் காசியம்மாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாளிடம் சொன்னாள்.

ராஜாங்கம் அவசரமாக, இதெல்லாம் பழைய காலத்துப் பைத்தியக்காரத்தனம், இப்போது யாரும் அப்படிப் பார்ப்பதில்லை, வெறும் அழகுக்கு வாங்கிச் சுவரில் மாட்டுவார்கள் என்றெல்லாம் சொன்னார். பிறகு கேட்டார். "ஒனக்கு எதுனா வருத்தமா காசிம்மா? வருத்தம்னா சொல்லு."

காசியம்மாள் தரையைப் பார்த்தாள். "நீங்க பாத்து செய்யிங்க சார்" என்றாள். கையைத் தூக்கிப் பிடித்தபடியே திரும்பிப் போனாள்.

"கேட்டியா? சரின்னுட்டா."

"அது சரின்னு சொன்னது இல்ல சார். வேலை வேணும்னு சொன்னது."

இவ்வளவுதான் அவள் அங்கே பேசியது. அதற்குமேல் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. நாளைக்கு வந்து நாமத்தோடு தாளைக் குத்திக் கொடு, இல்லையென்றால் வேறு ஆள் வைத்துக்கொள்கிறேன், தாள் இங்கேதான் இருக்கிறது என்று அவர் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டாள். நேரே வரைகிற அறைக்குப் போனாள். ஆறு தாளும் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கின. ஐந்து குரங்கைத் தொடவில்லை. அதுகள் போகட்டும், குச்சியை ஊன்றிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும். ஆறாவதை மட்டும் கழற்றிச் சுருட்டினாள்.

கிளேஸ் தொட்டியடியில் காசியம்மாள் தட்டை முக்கி முக்கி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்களுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்திருந்தது.

"அக்கா, ஒன் மூஞ்சி இது. ஒன்கிட்ட குடுக்கட்டா?"

காசியம்மாள் சுருளைப் பார்த்தாள், அறைப் பக்கம் பார்த்தாள். "என்கிட்ட குடுத்தா பிடுங்கிக்குவாங்க. நான் மாட்டேன்னு சொல்ல முடியாது. நீ எடுத்துட்டுப் போயிடு."

"போவட்டா?"

"போங்கறேன்ல." அடுத்த தட்டை எடுத்தாள். எடுத்ததை முக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "ஒங்க வூட்ல என்னா சொல்லுவ?"

"நடந்தத."

"ஒங்கம்மா திட்டும்."

"திட்டட்டும்க்கா. அவங்களுக்குப் படத்த பிரிச்சுக் காட்டறேன். அப்புறமும் திட்டுனா சரி."

வாசலுக்கு வரும்போது ராஜாங்கம் வராந்தாவுக்கு வந்துவிட்டார். அவள் கையில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வெயிலில் நின்றுகொண்டு, அது கம்பெனிப் பொருள், வைத்துவிட்டுப் போ என்றார்.

"பேப்பரு கம்பெனிது சார். மூஞ்சி கம்பெனிது இல்ல."

"துர்கா, இது திருட்டு. நான் போலீஸ்ல சொல்லுவேன்."

"சொல்லுங்க. என்னா காணாமப் போச்சுன்னு கேப்பாங்க. ஆறாவது கொரங்குன்னு எழுதிக் குடுங்க."

துர்கா நடந்தாள். கேட்டுக்கு வெளியே களிமண் ஏற்றிய லாரி ஒன்று உள்ளே வரக் காத்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பிலோமின்ராஜ் கேட்டுச் சங்கிலியைக் கையில் பிடித்தபடி நின்றார். திறக்கவும் இல்லை, மறிக்கவும் இல்லை.

"வேற ஆள வச்சு வரைஞ்சிக்குவாரும்மா" என்றார் தாழ்ந்த குரலில்.

"வரையட்டும்ண்ணா. அதுல இந்த மூஞ்சி இருக்காது. வரையற பொண்ணுகிட்ட அது எத்தனாவது தட்டுன்னு மட்டும் சொல்லிடுங்க."

"அவசரப்படாத. ஒரு ரெண்டு நாள் லீவு போடு, யோசி. நான் பேசிப் பாக்கறேன் அவருகிட்ட."

"யோசிச்சுட்டேங்கண்ணா."

லாரிக்காரன் இன்னொரு தடவை ஹாரனை அழுத்தினான். பிலோமின்ராஜ் சங்கிலியை விட்டார். துர்கா சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, லாரிக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக ரோட்டுக்கு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.